‘எல்லோருக்கும்’ என்றால் யாருக்கு? பிட்காயினும் எல் சால்வடோரும்

1

பணத்தைப் பற்றி நம் விமர்சகர்கள் அதிகம் பேசியதில்லை. மூலதனம், சந்தை, உலகமயம் என்று பக்கம்பக்கமாக எழுதியாயிற்று. ஆனால் கையில் புரளும் காசு ஒரு குறியாக எப்படி இயங்குகிறது, ஒரு தாளையோ உலோகத்தையோ வெறும் எண்ணையோ வாங்கிக்கொண்டு அரிசியை அளந்துபோட ஒருத்தி ஏன் சம்மதிக்கிறாள் என்கிற கேள்வியைப் பொருளாதாரக்காரர்களிடம் ஒப்படைத்துவிட்டுச் சும்மா இருந்துவிட்டோம். அதனால்தான் கிரிப்டோ நாணயம் குறித்த பேச்சு இன்று இரண்டே குரல்களில் நடந்துகொண்டிருக்கிறது. ‘இது எல்லோருக்கும் விடுதலை’ என்கிறது ஒரு குரல். ‘இது எல்லோரையும் மொட்டையடிக்கிற சூது’ என்கிறது இன்னொன்று.

இரண்டு குரல்களிலும் ‘எல்லோரும்’ என்கிற சொல் வருகிறது. ஏதோ கண்ணுக்கு எதிரே வரிசை கட்டி நிற்கிற கூட்டம் மாதிரி அதை எடுத்தாள்கிறார்கள். யார் இந்த எல்லோரும்? இவர்களை ‘எல்லோரும்’ ஆக்கியது யார், எப்போது, எந்தக் காரியத்துக்காக? கிரிப்டோவால் எல்லோருக்கும் நன்மை உண்டா இல்லையா என்று பட்டிமன்றம் நடத்துவதற்கு முன்னால் இதைக் கேட்டாக வேண்டும். கேட்பதற்குத் தோதான இடம் ஒன்று இருக்கிறது. 2021இல் எல் சால்வடோர் என்கிற சின்ன நாடு, உலகத்தில் முதன்முதலாகப் பிட்காயினைச் சட்டப்படி செல்லுபடியாகும் பணமாக அறிவித்தது. அங்கே ‘எல்லோரும்’ என்பது பேச்சாக நிற்காமல் சட்டப் பிரிவாகவே வந்தது. அந்த எல்லோரும் அதை என்ன செய்தார்கள் என்பதும் பதிவாகியிருக்கிறது.

2

முதலில் ஆதரவாளர்களின் பிரதிகளை வாசிப்போம். ஏளனம் செய்துவிட்டுப் போவது சுலபம். அது விமர்சனம் ஆகாது.

2008 அக்டோபர் 31 அன்று சதோஷி நகமோட்டோ என்கிற பெயரில் ஒன்பது பக்க அறிக்கை ஒன்று வெளியானது. அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பது ஒரு ஆளா பல பேரா என்பது இன்றுவரை நிறுவப்படவில்லை. ஆசிரியன் இல்லாத பிரதி! அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் கவிழ்ந்து ஆறு வாரம் ஆகியிருந்த நேரம் அது. அறிக்கையின் சாரம் இதுதான்: இரண்டு பேர் பணம் பரிமாறிக்கொள்ள மூன்றாவதாக ஒருவரை நம்ப வேண்டியிருக்கிறது; அந்த மூன்றாம் ஆளை எடுத்துவிடலாம். வங்கி தன் பூட்டிய அறையில் வைத்திருக்கிற பேரேட்டை வலையிலுள்ள எல்லாக் கணினிகளும் ஆளுக்கொரு நகலாக வைத்துக்கொள்ளும். புதிய வரவுசெலவுகளை எழுதிச் சேர்க்கும் உரிமைக்குக் கணினிகள் போட்டி போடும். ஜெயித்தவருக்குப் புதுக்காசு கூலி. 2009 ஜனவரி 3 அன்று எழுதப்பட்ட முதல் பக்கத்தில், வங்கிகளைக் கைதூக்கிவிட பிரிட்டிஷ் அரசு மறுபடியும் தயாராவது பற்றி அன்றைய லண்டன் நாளிதழில் வந்த தலைப்புச் செய்தியைச் செருகி வைத்தார்கள். கணக்குப் புத்தகத்தின் பிள்ளையார் சுழியே ஒரு அரசியல் குத்தல்.

இந்தக் கோபத்துக்கு நியாயம் உண்டு. 2010 டிசம்பரில் விக்கிலீக்ஸுக்கு நன்கொடை போகும் வழிகளை விசாவும் மாஸ்டர்கார்டும் பேபாலும் அடைத்தன. நீதிமன்றத் தீர்ப்பு எதுவும் கிடையாது. 2011இல் அது பிட்காயின் வாங்கத் தொடங்கியது. 2020 அக்டோபரில் நைஜீரியாவில் போலீஸ் அராஜகத்துக்கு எதிரான போராட்டத்துக்குப் பணம் திரட்டிய பெண்கள் கூட்டமைப்புக்கு வங்கி வழி அடைபட்டபோது பிட்காயின்தான் கைகொடுத்தது. அலெக்ஸ் கிளாட்ஸ்டைன் போன்ற மனித உரிமைக்காரர்கள் சொல்வது இதைத்தான்: டாலரிலும் யூரோவிலும் பிறந்து வளர்ந்தவனுக்குத் தன் பணம் ஒரு சலுகை என்பதே தெரியாது, பணவீக்கத்திலும் சர்வாதிகாரத்திலும் வாழ்கிறவனுக்குத்தான் இந்த மாற்றுவழியின் அருமை தெரியும். மாதம் ஒண்ணாம் தேதி கணக்கிலே சம்பளம் விழுகிற இடதுசாரிப் பேராசிரியர் ‘எல்லாம் சூதாட்டம்’ என்று ஒரே வார்த்தையில் முடிக்கும்போது, கிளாட்ஸ்டைனின் கேள்வி அவர்மீதும் பாய்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் இந்த உதாரணங்களை உற்றுக் கவனித்தால் ஒரு விஷயம் தட்டுப்படுகிறது. இவற்றில் பயன்பெற்றவர்கள் எல்லோரும் அதிகாரத்தால் மூலைக்குத் தள்ளப்பட்ட சிலர். அவர்களுக்கு இது பின்வாசல். பின்வாசலின் பயனே ஊர் முழுக்க அதன் வழியாகப் போகாமல் இருப்பதில்தான் இருக்கிறது. ‘சிலருக்கு, நெருக்கடியில் உதவியது’ என்பதிலிருந்து ‘எல்லோருக்கும், எப்போதும் உதவும்’ என்பதற்குப் போக ஒரு தாவல் தேவைப்படுகிறது. அந்தத் தாவலை எந்த வாதமும் நிரப்பவில்லை, உற்சாகம்தான் நிரப்புகிறது.

ஆதரவாளர்களில் இன்னொரு ரகமும் உண்டு. 2018இல் ‘பிட்காயின் ஸ்டாண்டர்ட்’ என்கிற நூலை எழுதிய சைஃபெதீன் அம்மூஸ் அந்த ரகத்தின் ஆஸ்தான புலவர். பிற்பாடு 2023இல் எல் சால்வடோர் அரசின் பிட்காயின் அலுவலகத்துக்கு ஆலோசகராகவும் ஆனவர். மொத்தமே 2 கோடியே 10 லட்சம் பிட்காயின்தான், அதற்குமேல் ஒன்றுகூட அச்சாகாது என்பது இவருக்கு வேதம். மலியாத பணம் மனிதனைப் பொறுமைசாலி ஆக்கும், நாளைக்காகச் சேமிக்க வைக்கும். அரசு அச்சடிக்கிற காகிதப் பணம் அவனை இன்றைக்கே தின்று தீர்க்கிறவனாக்கும் என்பது வாதம். நவீன ஓவியத்தின் ‘சீரழிவு’க்குக்கூடக் காகிதப் பணம்தான் காரணம் என்று கணக்குச் சொல்கிறார். சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் காத்திருப்பவன் உயர்ந்தவன், காத்திருக்க முடியாதவன் தாழ்ந்தவன் என்று இந்த நூலுக்குள் ஓடுகிற நீதியை மட்டும் குறித்து வைத்துக்கொள்வோம். பின்னால் வேண்டியிருக்கும்.

3

எதிர்த்தரப்பு. டேவிட் கொலம்பியா 2016இல் எழுதிய சிறு நூலில், பிட்காயினின் பொருளாதாரப் பேச்சு முழுக்க மைய வங்கிமீது அமெரிக்கத் தீவிர வலதுசாரிகள் காலகாலமாகக் கக்கிவந்த வெறுப்பின் மறுபதிப்பு என்று நிறுவ முயன்றார். பொருளாதாரக்காரர்கள் சொல்வது வேறு: இந்தக் காசு விளைவதில்லை, வாடகை தருவதில்லை, வட்டி ஈட்டுவதில்லை, ஒருவன் லாபம் பார்க்க வேண்டுமானால் அவனைவிட அதிக விலைக்கு வாங்க இன்னொருவன் வந்தாக வேண்டும். என் பார்வையில் எதிர்த்தரப்பின் வலுவான வாதம் இதுதான். இதை ஏற்றால், ஆதரவாளர்களின் ‘எல்லோரும் வாருங்கள்’ என்கிற அழைப்பின் இலக்கணமே மாறிவிடுகிறது. அங்கே ‘எல்லோரும்’ என்றால், இன்னும் வாங்காதவர்கள், இனிமேல் வாங்க வேண்டியவர்கள் என்று பொருள். முன்னால் வந்தவனுக்குப் பின்னால் வருகிறவன் தேவை.

ஆனாலும் எதிர்த்தரப்பிடம் ஒரு ஓட்டை இருக்கிறது. அவர்களுடைய ‘எல்லோரும்’ பாதுகாக்கப்பட வேண்டிய வாடிக்கையாளர்கள். ரிசர்வ் வங்கி, தணிக்கை, ஒழுங்குமுறை எல்லாம் இருக்கிறதே, அவற்றின் நிழலுக்குள் பத்திரமாக இருங்கள் என்கிறார்கள். அந்த நிழலுக்குள் ஒருநாளும் நுழைய விடப்படாதவனிடம் போய் இதைச் சொன்னால் அவன் என்ன செய்வான்? எல் சால்வடோரில் ஏறத்தாழ 70 சதவீதம் பேருக்கு வழக்கமான நிதிச் சேவைகள் கிடையாது என்று அந்தப் பிட்காயின் சட்டத்தின் முகப்பே சொல்கிறது. அரசு தன் தோல்வியைத் தானே எழுதி, அதையே புதுத் திட்டத்துக்கு நியாயமாக்கிக்கொண்டது. எதிர்த்தரப்பிடம் அந்த 70 சதவீதத்துக்கான பதில், ‘பொறுங்கள், வங்கி வரும்’ என்பதைத் தாண்டவில்லை.

இரண்டு தரப்புக்கும் பொதுவான தளம் ஒன்றும் உண்டு. தனித்தனி ஆட்களைக் கூட்டிப் போட்டால் வருகிற தொகைதான் இருவருக்கும் ‘எல்லோரும்’. நம்பிக்கை என்பது மேலேயிருந்து சப்ளை ஆக வேண்டிய சரக்கு. ஒருத்தருக்கு மைய வங்கி தருகிறது, இன்னொருத்தருக்குக் கணித நிரல் தருகிறது. மனிதர்கள் தங்களுக்குள்ளே பல காலமாக உண்டாக்கி வைத்திருக்கிற நம்பிக்கை இருவர் கணக்கிலும் வருவதில்லை.

4

எல் சால்வடோர் மத்திய அமெரிக்காவின் மிகச் சிறிய நாடு. ஜனத்தொகை 60 லட்சத்துக்குச் சற்று மேல். காலனியக் காலத்தில் அங்கிருந்து ஐரோப்பாவுக்குப் போனது அவுரிச் சாயம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் அவுரி போய்க் காப்பி வந்தது. காப்பிக்கு மலைச்சரிவு வேண்டும். அந்தச் சரிவுகள் பல இடங்களில் பழங்குடிச் சமூகங்களுக்கும் ஊர்களுக்கும் பொதுநிலமாக இருந்தன. 1881இலும் 1882இலும் வந்த சட்டங்கள் பொதுநிலம் என்கிற ஏற்பாட்டையே ஒழித்தன. 1881 சட்டம் சொன்ன காரணங்களை இன்று வாசித்தால் திடுக்கிடும்: பொதுவுடைமை வேளாண் வளர்ச்சியைத் தடுக்கிறது, செல்வம் புழங்குவதை மறிக்கிறது, குடும்பப் பிணைப்பையும் தனிமனித சுதந்திரத்தையும் நலிவிக்கிறது. செல்வத்தின் புழக்கம், தனிமனித சுதந்திரம்! 140 வருஷம் கழித்துப் பிட்காயின் மாநாட்டு மேடையில் முழங்கப்பட்ட அதே சொற்கள்.

நிலம் சில குடும்பங்களிடம் குவிந்தது. நிலம் போனவர்கள் காப்பி பறிக்கப் போனார்கள். பல தோட்டங்களில் கூலி ‘ஃபிச்சா’வாகத் தரப்பட்டது. தோட்டத்தின் பெயரோ முத்திரையோ பொறித்த வில்லை. அது தோட்டத்துக் கடையில் மட்டும் செல்லும். வாசலைத் தாண்டினால் செல்லாக்காசு. அரசு சாராத, தனியார் வெளியிட்ட பணம் என்பது இந்த மக்களுக்குப் புதுமை இல்லை. அதைச் சுமந்து பார்த்தவர்களின் பேரப்பிள்ளைகள் இவர்கள். 1932இல் காப்பிப் பிரதேசத்து விவசாயிகள் கிளர்ந்தபோது ராணுவம் குறைந்தது 10,000 பேரைக் கொன்றது. 30,000 என்று சொல்வோரும் உண்டு. அதில் உயிர்தப்பிய மிகேல் மார்மோலின் வாய்மொழியைக் கவிஞர் ரோக்கே டால்ட்டன் நூலாக்கியிருக்கிறார்.

பணத்தின் பெயர்களையும் பார்க்கலாம். 1892இல் கொலம்பஸ் வந்து 400 வருஷம் ஆனதைக் கொண்டாடி நாட்டு நாணயத்துக்குக் ‘கொலோன்’ என்று பெயரிட்டார்கள். ஸ்பானிய மொழியில் கொலம்பஸின் பெயர் அது. ஆக்கிரமிப்பின் முன்னோடி தினமும் சட்டைப் பையில். 2001 ஜனவரியில் அதன் இடத்துக்கு அமெரிக்க டாலர் வந்தது. 1980 முதல் 1992 வரை நடந்த உள்நாட்டுப் போரில் சுமார் 75,000 பேர் செத்தார்கள். அரசு ராணுவத்துக்குப் பணம் கொட்டியது அமெரிக்கா. லட்சக்கணக்கானோர் தப்பியோடியதும் அதே அமெரிக்காவுக்குத்தான். அங்கே கட்டடவேலையும் வீட்டுவேலையும் பார்த்து அவர்கள் அனுப்புகிற பணம், நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். ஆகவே அந்த டாலர் ஏகாதிபத்தியத்தின் சின்னம் மட்டுமில்லை. மகனும் மகளும் சிந்திய வேர்வையும் அதுவே. குறி ஒன்று, அர்த்தம் ரெண்டு.

இந்தச் சரித்திரத்தையெல்லாம் நினைத்துப் பார்த்துத்தான் மக்கள் பிட்காயினை மறுத்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ‘எல்லோருடைய நன்மைக்காகவும்’ என்று அங்கே ஒரு சட்டம் பேசத் தொடங்கும்போது, அந்த வாக்கிய அமைப்புக்கு ஒரு முன்கதை உண்டு என்கிறேன்.

5

2021 ஜூன் 5. மயாமியில் நடந்த பிட்காயின் மாநாட்டில், அதிபர் நயீப் புகேலே திரையில் தோன்றி ஆங்கிலத்தில் அறிவித்தார். சொந்த மக்களுக்கு முன்னால் வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்குச் சேதி போயிற்று. மசோதா சட்டமன்றத்துக்கு வந்த சில மணி நேரத்தில், 84 பேரில் 62 பேர் கைதூக்க, சட்டமாயிற்று. ஒரு மாதத்துக்கு முன்புதான் இதே மன்றம் அரசியல்சாசன நீதிபதிகளை ஒரே இரவில் வீட்டுக்கு அனுப்பியிருந்தது.

அந்தச் சட்டம் பதினாறு பிரிவுகள் கொண்ட குட்டிப் பிரதி. அதன் ஏழாவது பிரிவு, பொருளோ சேவையோ விற்கிற எவரும் பிட்காயின் நீட்டப்பட்டால் வாங்கியாக வேண்டும் என்றது. தொழில்நுட்ப வசதி இல்லாதவர்களுக்குப் பின்னொரு பிரிவில் விலக்கு. இங்கே அந்த முரண்பாட்டைப் பாருங்கள். யாருடைய ஆணையும் தேவையில்லை என்று பிறந்த பணம், புழங்குவதற்கு ஆணை கேட்கிறது. ‘எல்லோரும்’ என்பது இப்படித்தான் உண்டாக்கப்பட்டது: தானாகத் திரளவில்லை, ஏழாவது பிரிவு திரட்டியது.

செப்டம்பர் 7 அன்று சட்டம் அமலானது. ‘சிவோ’ என்று அரசே ஒரு கைபேசிச் செயலியை வெளியிட்டது. சிவோ என்றால் அந்த ஊர்ப் பேச்சுவழக்கில் ‘ஜோர்’ என்கிற மாதிரி. அடையாள எண்ணையும் முகத்தையும் காட்டிப் பதிவு செய்தால் 30 டாலர் மதிப்புள்ள பிட்காயின் இனாம். நகமோட்டோ ஒழிக்க நினைத்த மூன்றாம் ஆள் ஒழியவில்லை. தொப்பியை மாற்றிக்கொண்டு அரசாக வந்து உட்கார்ந்துகொண்டார். பதிவு செய்யப் போன நூற்றுக்கணக்கானோர், தங்கள் பெயரில் வேறு யாரோ ஏற்கெனவே பதிந்து 30 டாலரைச் சுருட்டிவிட்டதைக் கண்டார்கள். செப்டம்பர் 15, நாட்டின் விடுதலையின் 200ஆவது ஆண்டு நாளில், தலைநகரில் ஆயிரக்கணக்கானோர் ஊர்வலம் போனார்கள். ஒரு சிவோ இயந்திரம் எரிக்கப்பட்டது.

எரிப்பு செய்தியாயிற்று. அதைவிடப் பெரிய நிகழ்வு சத்தமில்லாமல் நடந்தது. 2022 தொடக்கத்தில் அல்வாரெஸ், அர்ஹெந்தே, வான் பாட்டன் என்கிற மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் 1,800 குடும்பங்களை நேரில் விசாரித்தார்கள். செயலியை இறக்கியவர்களில் 60 சதவீதத்துக்கு மேற்பட்டோர் இனாமைச் செலவழித்த பிறகு அதைத் தொடவே இல்லை. தொடர்ந்து பயன்படுத்தியவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள், படித்தவர்கள், ஆண்கள், முக்கியமாக ஏற்கெனவே வங்கிக் கணக்கு உள்ளவர்கள். யாருக்காக என்று சொல்லப்பட்டதோ அவர்களைத் தவிர மற்றவர்கள்! ஏன் வேண்டாம் என்று கேட்டதற்கு வந்த பதில்களில் முக்கியமானவை: ரொக்கம்தான் பிடிக்கிறது, இதை நம்ப முடியவில்லை. வெளிநாட்டுப் பணம் அனுப்பும் செலவில் வருஷத்துக்கு 40 கோடி டாலர் மிச்சமாகும் என்று அதிபர் சொல்லியிருந்தார். 2022இல் வந்த அந்தப் பணத்தில் கிரிப்டோ செயலிகள் வழியாக வந்தது 2 சதவீதத்துக்கும் குறைவு.

இதை எப்படி வாசிப்பது? ‘சனங்களுக்கு விவரம் பத்தாது, கற்றுக்கொடுத்தால் வருவார்கள்’ என்பது ஆதரவாளர் வாசிப்பு. ‘தொழில்நுட்பம் தோற்றது’ என்பது எதிர்ப்பாளர் வாசிப்பு. அரசியல் எதிர்ப்பு என்று சொல்லவும் வழியில்லை. 2024 பிப்ரவரித் தேர்தலில் ஏறத்தாழ 85 சதவீத வாக்கை இதே புகேலேக்குத்தான் அள்ளிக் கொடுத்தார்கள். ஆனால் 2023இல் பிட்காயினை ஒருமுறைகூடப் பயன்படுத்தவில்லை என்று அங்குள்ள மத்திய அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் கருத்துக்கணிப்பில் சொன்னவர்கள் 88 சதவீதம். தலைவன் வேண்டும், தலைவன் நீட்டுகிற காசு வேண்டாம். இந்த இரண்டையும் ஒரே மனுஷி ஒரே மனசில் வைத்திருக்கிறாள்.

இதை நான் ஒரு வாசிப்பாகவே எடுத்துக்கொள்கிறேன். 30 டாலரை வாங்கினார்கள், ரொக்கமாக்கினார்கள் அல்லது சாமான் வாங்கினார்கள், செயலியை மூடினார்கள். பிரதியைப் புரட்டிப் பார்த்துத் தனக்குத் தேவையானதை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை ஒதுக்குகிற வாசகரின் செயல் அது. ரொக்கம் யாரிடமும் பெயர் கேட்பதில்லை என்பது அவர்களுக்குத் தெரியும். 2022 ஜனவரியில், அந்நாட்டுப் பத்திரிகையாளர்களும் சமூகச் செயல்பாட்டாளர்களுமாக 35 பேரின் கைபேசிகளில் பெகாசஸ் உளவுநிரல் புகுந்திருந்ததை கனடாவின் சிட்டிசன் லேப் வெளியிட்டது. கைபேசிக்குள் பணத்தை வை என்று அரசு சொல்கிற காலத்தில் டாலர் தாளை முந்தானையில் முடிந்துகொள்வது பழமைவாதமா, முன்யோசனையா?

2024 டிசம்பரில் சர்வதேச நிதியத்தோடு 140 கோடி டாலர் கடனுக்கு ஒப்பந்தப் பேச்சு முடிந்தது. 2025 ஜனவரியில் சட்டம் திருத்தப்பட்டு, பிட்காயின் வாங்குவது அவரவர் விருப்பம் என்றாயிற்று. மூன்றரை வருஷமாக மக்கள் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழவில்லை. கடன் கொடுக்கிறவன் சொன்னதும் விழுந்தது.

6

‘அதெல்லாம் சரி, விலை ஏறிவிட்டதே! அன்றைக்கு விற்காமல் வைத்திருந்தால் இரண்டு மடங்கு ஆகியிருக்குமே’ என்பார்கள். உண்மை. கணக்குப் போடலாம். 2021 செப்டம்பரில் ஒரு பிட்காயின் 45,000 டாலரை ஒட்டி இருந்தது. அன்றைய 30 டாலர் இனாம், 2022 நவம்பரில் விலை 16,000 ஆனபோது பத்து டாலர் சில்லறை. 2024 டிசம்பரில் விலை 1,00,000ஐத் தாண்டியபோது 65 டாலருக்கு மேல். நன்மை இருக்கத்தான் செய்கிறது. அது காத்திருந்தவனுக்கு.

நாளைக் காலையில் ‘புபூசா’ சுட்டு விற்க இன்றைக்கே மாவு வாங்க வேண்டிய பெண்ணுக்கு அந்த மூன்று வருஷம் எங்கே இருந்து வரும்? பத்து டாலராகச் சுருங்கிய மாசத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் அவள் பத்து டாலருக்குத்தான் விற்பாள். அதை வாங்கிப் போடுகிறவன் காத்திருக்க வசதி உள்ளவன். இரண்டு வருஷம் கழித்து அவன் லாபத்தில் அவள் நஷ்டமும் இருக்கும். அம்மூஸ் இதைப் பொறுமையின் சன்மானம் என்பார். பொறுமை என்று அவர் பெயர் வைத்திருப்பது கையிருப்புக்கு. நிலம் உள்ளவனுக்கும் கூலிக்காரனுக்கும் நடுவிலே இருக்கிற வித்தியாசம் பாதி இந்தக் காத்திருக்கிற சக்தியில்தான் இருக்கிறது. அறுவடை முடிந்த கையோடு விற்கிறவனையும் பத்தாயத்தில் போட்டு வைத்து விலையேறியதும் விற்கிறவனையும் தெரிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு எளிய கணக்கு. பிட்காயினின் மூலப் பேரேட்டில் வினாடிக்கு அதிகபட்சம் ஏழு வரவுசெலவுகள் எழுதலாம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. ஒரு நாளைக்கு ஆறு லட்சம். உலகத்தில் 800 கோடி பேர். ‘எல்லோரும்’ வரிசையில் நின்றால் ஒருவருக்கு ஒருமுறை முறை வர 36 வருஷம் ஆகும். இதைச் சமாளிக்க ‘மின்னல் வலை’ என்கிற மேலடுக்கு இருக்கிறது, அதில் சில்லறைக் கணக்குகளை வெளியே முடித்துக்கொள்ளலாம் என்பார்கள். ஆனால் ஆளுக்கொரு சொந்த வாசல் வேண்டுமென்றால் அதைத் திறக்கவும் மூலப் பேரேட்டில் ஒரு வரி வேண்டும். வேண்டாமென்றால் வாசல் வைத்திருக்கிற யாரோ ஒருவர்மூலம் போகலாம். அதாவது மூன்றாம் ஆள் மறுபடியும். பிட்காயினின் சொந்த விதிகளே ‘எல்லோரை’யும் தாங்காது, தாங்க வேண்டுமானால் அது எதை எதிர்த்ததோ அதுவாகத் தானே மாற வேண்டும். சிவோ இதைத்தான் செய்துகாட்டியது.

7

இந்த விவாதத்தில் நமக்கு என்ன பங்கு என்று கேட்கலாம். இருக்கிறது. மையம், விளிம்பு, மையமழிப்பு, பரவலாக்கம்: இந்தச் சொற்களைத் தமிழ் விமர்சனத்தில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவை சிறுபத்திரிகைகள். மையம் அதிகாரத்தின் இருப்பிடம், ஆகவே மையத்தைக் கலைப்பதே எதிர்ப்பு என்று எழுதினோம். இன்று அதே சொற்களோடு கிரிப்டோக்காரர்கள் வருகிறார்கள். மையமில்லாத பணம், யாருக்கும் கீழ்ப்படியாத வலை. நம் அகராதியை வைத்துக்கொண்டே நம்மிடம் பேசும்போது என்ன பதில் சொல்வது?

மையம் இல்லை என்பதால் அதிகாரம் இல்லை என்று ஆகிவிடாது என்பதுதான் பதில். ஃபூக்கோவைக் கொஞ்சமாவது படித்தவர்களுக்கு இது புதுச் செய்தி இல்லை. அதிகாரம் அரண்மனையில் மட்டும் குடியிருப்பதில்லை. வலைப்பின்னலாகவும் பரவும், விதியாகவும் உறையும். பிட்காயினில் ராஜா இல்லை, சரிதான். ஆனால் அண்மை வருஷங்களில் பல சமயம், இரண்டே இரண்டு ‘சுரங்க’க் கூட்டணிகள் மொத்தக் கணிப்பு சக்தியில் பாதிக்கு மேல் திரட்டி வைத்திருந்தன. முதல் நாலு வருஷம் பத்து நிமிஷத்துக்கு 50 காசு கூலி. 2024 ஏப்ரல் முதல் 3.125. யார் எப்போது வந்தார்கள் என்பதே அங்கே சாதியும் வர்க்கமும். முந்திப் பிறந்தவனுக்கு முதல் பந்தி. ‘சுரங்கம்’ என்கிற உருவகத்தையும் சும்மா எடுத்துக்கொள்ளக் கூடாது: நகமோட்டோ புதுக்காசு பிறப்பதைத் தங்கம் வெட்டுகிற உழைப்போடு ஒப்பிட்டார். பொன் தேடிப்போன கொலோனின் பெயரைப் பணத்தில் சுமந்த நாட்டுக்கே அந்த உருவகம் திரும்பி வந்தது.

நம்முடைய மொழியில் காசுக்கும் நேர்மைக்கும் ஒரே சொல், ‘நாணயம்’. ‘அவர் நாணயமானவர்’ என்றால் அவர் வாக்கை நம்பிக் கடன் கொடுக்கலாம் என்று அர்த்தம். கையில் இருப்பது ஒரு நாணயம், ஆளுக்கு ஆள் இடையில் இருப்பது இன்னொரு நாணயம். இரண்டாவது இல்லாமல் முதலாவது ஓடாது. பிட்காயினின் பெருமையே ரெண்டாவது நாணயம் தேவைப்படாத முதல் நாணயம் என்பதுதான். யாரையும் நம்ப வேண்டாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் சொத்து, பத்திரம், சம்பளச் சீட்டு எதுவும் இல்லாதவளிடம் இருக்கிற ஒரே முதல் அந்த ரெண்டாவது நாணயம். அதைக் கொண்டுதான் அவள் மளிகைக் கடையில் கடன் சொல்கிறாள், சீட்டுப் பிடிக்கிறாள், பக்கத்து வீட்டில் கைமாற்று வாங்குகிறாள். நம்பிக்கையே வேண்டாம் என்கிற ஏற்பாட்டில் அவளிடம் இருக்கிற முதல் செல்லாக்காசு ஆகிவிடுகிறது.

இதற்கு நம்மிடையே சாட்சி உண்டு. இலங்கைப் போர்க்காலத்தில் டொரண்டோவிலும் லண்டனிலும் இருந்த தமிழர்கள் ‘உண்டியல்’ வழியாகப் பணம் அனுப்பினார்கள். அங்கே ஒரு கடையில் கட்டினால், ஒரு தொலைபேசி அழைப்பில் இங்கே யாழ்ப்பாணத்து வீட்டில் காசு வந்து சேரும். வங்கியும் இல்லை, கணினி நிரலும் இல்லை. ஆளை ஆள் அறிந்த நாணயம்தான் பேரேடு. அதைப் புனிதப்படுத்த வேண்டாம். தரகு உண்டு, பணத்தோடு கம்பி நீட்டியவர்கள் உண்டு, கறுப்புப் பணமும் அதில் ஓடியது. ஆனால் அரசுக்கு வெளியே, வங்கிக்கு வெளியே பணம் அனுப்ப முடியும் என்று காட்ட நகமோட்டோ வர வேண்டியிருக்கவில்லை.

எல் சால்வடோரிலேயே பிட்காயின் கொஞ்சமாவது ஓடிய இடத்தையும் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். எல் சோந்தே என்கிற கடற்கரைக் கிராமத்தில் 2019இலேயே, பெயர் தெரியாத ஒருவரின் நன்கொடையில் ஒரு முயற்சி தொடங்கியது. அந்தப் பிட்காயின் ஊருக்குள்ளேயே புழங்க வேண்டும் என்பது ஏற்பாடு. உள்ளூர் இளைஞர்களுக்கு அதில் கூலி தந்தார்கள், கடைகாரர்களை வாங்கப் பழக்கினார்கள், கொரோனாக் காலத்தில் குடும்பங்களுக்கு உதவி போயிற்று. ஆதரவாளர்கள் இதைத் தொழில்நுட்பத்தின் வெற்றி என்கிறார்கள். வெளியிலிருந்து வந்த கொடையும், முகம் தெரிந்த ஊர்க்காரர்களின் நடையும் பேச்சும் அல்லவா அங்கே வேலை செய்தவை? அதே வருஷம் ஊர்ப்பொதுச் சீட்டு ஒன்றை அச்சிட்டுக் கொடுத்திருந்தாலும் ஏறக்குறைய அப்படியே ஓடியிருக்கும். 2021இல் அரசு அந்தக் கிராமத்திலிருந்து காசை மட்டும் பிரித்தெடுத்து நாடு முழுக்க நட்டது. வேர் அங்கேயே நின்றுவிட்டது.

கிரிப்டோ எல்லோருக்கும் நன்மை தருமா என்றால், துரத்தப்படுகிற சிலருக்குப் பின்வாசலாக அது இருக்கிறது, இருக்கட்டும், அதை அடைக்கச் சொல்கிறவர்களோடு நான் சேரமாட்டேன். ஆனால் அந்தப் பின்வாசலையே தலைவாசல் என்று சொல்லி ஊரை உள்ளே தள்ளும்போது, முன்பே உள்ளே இருப்பவர்களுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிற வேலை நடக்கிறது. அதற்கு ‘எல்லோரும்’ என்கிற சொல் தரகு பார்க்கிறது. எதிர்ப்பாளர்களும் இதில் பெருமைப்பட்டுக்கொள்ள ஒன்றுமில்லை. சட்டம் திருத்தியதோடு அந்த 70 சதவீதத்துக்கு வங்கிக் கதவு திறந்துவிடவில்லை. அவர்களுடைய கைமாற்றையும் கடைக்கடனையும் முந்தானை முடிச்சையும் பொருளாதாரம் என்று ஒப்புக்கொண்டு, அதிலிருந்து தொடங்குகிற பணம் எப்படி இருக்கும் என்று இரண்டு தரப்பிலும் இதுவரை ஒருவரும் எழுதிப் பார்க்கவில்லை. அந்த விவாதத்தை இனிமேல்தான் தொடங்க வேண்டும்.